எண்ணெய்க்கு வந்த துப்பாக்கிகள்

போதகர் ரபெலாங் மொலெட்சானே எங்கள் நாட்டுக் காவல் துறையின் தலைமைப் போதகராகப் பதினோரு வருடம் வேலை பார்த்தார். தோளில் சீனியர் சூப்பிரண்டு பட்டை, கழுத்தில் போதகர்களின் வெள்ளைப் பட்டை. தலைநகர் மசேருவில், தலைமையகத்தின் பின்பக்கக் கட்டிடத்தில் அவர் அறையும் என் மருத்துவ அறையும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு. எங்கள் குளிர்காலமான ஜூனில் அது காலையில் என்னிடம் இருக்கும், நோயாளிகள் சட்டையைக் கழற்ற வேண்டுமே. மதியத்துக்கு மேல் அவரிடம் போகும். அதைத் தள்ளிக்கொண்டு போகிற சாக்கில்தான் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம்.

அவரைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அவர் வேலையை விட்டுப் போனதற்கு ஊரில் நாலு காரணம் சொல்கிறார்கள். குடித்தார் என்கிறான் ஒருவன். மேலிடத்தோடு சண்டை என்கிறாள் இன்னொருத்தி. நடந்தது இதுதான். ஆயுதக் கிடங்கின் ஒரு தட்டில், சீட்டு இல்லாமல் மூன்று கைத்துப்பாக்கிகள் கிடந்தன. ஏன் கிடந்தன என்று அவர் வாய் திறந்து சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் வேறு மூன்று பேர் கெட்டுப்போவார்கள்.

ஆள் தெற்கே குத்திங் பக்கம். அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவர். இவர் மொரிஜாவில் வேதம் படித்துவிட்டு ஒரு கிராமச் சபையில் பதினான்கு வருடம் போதகராக இருந்தார். பிறகுதான் போலீசுக்கு வந்தார். மனைவி மாகராபோ நர்ஸ், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நர்சுகள் எல்லாம் இங்கிலாந்துக்குப் போன வருடம் அவளும் போனாள். மகளையும் கூட்டிக்கொண்டாள். இதில் நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். அவள் சம்பளத்தில்தான் மகள் படித்தாள், அவருடைய அண்ணன் வீட்டுக்குக் கூரை வந்தது. ஒன்பது வருடத்தில் நாலு தடவை வந்துபோனாள்.

அவர் வேலையை வெளியில் இருப்பவர்கள் ஜெபம் பண்ணுவது என்று நினைப்பார்கள். ஜெபம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பத்து மாவட்டம், அவருக்குக் கீழே நாலு போதகர்கள், இரண்டு வண்டிகள், அதில் ஒன்றுக்கு பிரேக் சரியில்லை. பெட்ரோலுக்கு மனு எழுதுவார். கத்தோலிக்கனுக்குப் பாதிரியாரைத் தேடுவார். வெள்ளை அங்கி போட்டுத் தண்ணீரால் சுகமாக்கும் சபைக்காரனுக்கு அவன் மூப்பரைத் தேடுவார். இருந்த ஒரே ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிளுக்கு நோன்பு மாதத்தில் காவல் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார். பயிற்சிப் பள்ளியில் புதுப் பிள்ளைகளுக்கு, கனவில் பிணம் வந்தால் யாரிடம் சொல்வது என்று வகுப்பெடுப்பார். அவர்கள் விறைப்பாக நின்று கேட்பார்கள். பாவத்தை அறிக்கை பண்ண வருகிறவன்கூட முதலில் சல்யூட் அடிப்பான். "இயல்பா நில்லு" என்று இவர் ஆணை போட்ட பிறகுதான் அழுவான். ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த சார்ஜென்ட் தூலோ சொல்வான்: "நம்ம ஐயா மோட்சத்துக்குப் போனா, தேவதூதருங்க எல்லாம் வரிசையில நின்னு பூட்ஸக் காட்டணும்."

மீதி நேரம் மரணச் செய்தி சொல்வது. பணியில் ஒருவன் இறந்தால் மதிய வானொலி அறிவிப்புக்கு முன்னால் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் வழக்கப்படி அதை வாசலில் நின்று பெற்றவளிடம் சொல்லக்கூடாது. மாடு கன்று நலமா என்று கேட்க வேண்டும். உட்கார வேண்டும். தாய்மாமனைக் கூப்பிட்டுவிட்டு அவர் காதில் சொல்ல வேண்டும். அவர் உள்ளே போய்ச் சொல்வார். சட்டமோ நெருங்கிய உறவினரிடம் அதிகாரியே நேரில் சொல்ல வேண்டும் என்கிறது. இவர் வழக்கப்படி செய்துவிட்டுச் சட்டப்படி செய்ததாக எழுதுவார்.

இந்த வேலையால் அவர் வண்டி போலீஸ் குடியிருப்புக்குள் திரும்பினாலே பெண்கள் கொடியில் காய்கிற துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள். கதவைச் சாத்தினால் சாவு திரும்பிப் போய்விடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். ஒரு கிறிஸ்துமசுக்கு இவர் கடையில் கேக் வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போனார். முதல் வீட்டிலேயே அந்தப் பெண் இவரைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அவள் புருஷன் மலைமேல் ஒரு காவல் சாவடியில் இருந்தான், நன்றாகத்தான் இருந்தான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது இவர் கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். மிச்சக் கேக்கை என் மருத்துவ அறையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வேலை இல்லாமல் யார் வீட்டுக்கும் போகவில்லை. அவர் வீட்டுக்கும் யாரும் வந்து நான் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் தானே களி கிண்டி, தானே கீரை வதக்கி, நின்றுகொண்டே சாப்பிடுவார். என் வீட்டுச் சன்னல் வழியாகத் தெரியும்.

அவர் வந்த மூன்றாம் வருடம் ஒரு சார்ஜென்ட் மலையிலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்க வந்தான். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தான். போகும்போது நன்றி சொல்லி சல்யூட் அடித்தான். நாலாம் நாள் தன்னையே சுட்டுக்கொண்டான். அவன் தாய்மாமனிடம் போய்ச் சொன்னதும் இவர்தான். திரும்பி வந்து என் அறையில் கணப்பின் முன்னால் நின்றார்.

"அவன் தலைமேல ரெண்டு கையும் வச்சு ஜெபம் பண்ணேன், நர்ஸம்மா. அப்போ அது அவன் இடுப்புலதான் இருந்துச்சு. என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது."

நான் ஆறுதல் சொல்லவில்லை. ஜெபத்தோடு அந்தச் சாமானையும் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எப்படி வாங்குவது? இவன் ஆயுதம் வைத்திருக்கத் தகுதியில்லை என்று போதகர் ஒரு வரி எழுதினால் அவனுக்கு மலைப்பகுதிப் படிப்பணம் போகும், பதவி உயர்வு போகும், மாமனார் வீட்டுக்குத் தெரியும். அப்படி எழுதுவார் என்று தெரிந்தால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான்.

அடுத்த வாரம் அவர் தூலோவிடம் போனார். யாராவது வந்து துப்பாக்கியை நீட்டி எண்ணெய் போடணும் என்றால், வேறு எதுவும் கேட்காதே, சீட்டு எழுதாதே, வாங்கித் தனியாக ஒரு தட்டில் வை, எனக்கு மட்டும் வந்து சொல் என்றார்.

"எண்ணெய் போட எத்தனை நாளாகும், ஐயா?" என்று தூலோ கேட்டானாம்.

"அவனுக்குத் தூக்கம் வர்ற வரைக்கும்."

விஷயம் எப்படிப் பரவியது என்று தெரியாது. யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் துப்பாக்கிகள் வந்தன. மாதக்கணக்கில் ஒன்றும் வராது, பிறகு ஒரே வாரத்தில் இரண்டு வரும். தூலோ தாழ்வாரத்தில் நடந்து வந்து போதகர் அறைக் கதவில் தலையை நீட்டி, "ஒண்ணு வந்திருக்கு" என்பான். இவர் அந்த ஆளை ஏதோ ஒரு சாக்கில் மலைப் பயணத்துக்கு வண்டி ஓட்டக் கூட்டிப்போவார். அல்லது ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்புவார். நான் ரத்த அழுத்தமும் பார்ப்பேன், கேட்க வேண்டியதையும் நேராகக் கேட்பேன். எட்டு வருடத்தில் இருபத்தாறு துப்பாக்கிகள் அந்தத் தட்டில் இருந்து திரும்பிப் போயின. இருபத்தாறு பேரில் ஒருவனை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவத்தில் இது மோசமான கணக்கில்லை.

அவருடைய பதினோராம் வருட அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் ஆயுதத் தணிக்கை வந்தது. வந்தவர் உதவி ஆணையர் மாபசேக்கா. நேர்மையான பெண், சிரிக்கத் தெரியாதவள் என்று பேர். தெரியும், வேலை நேரத்தில் சிரிக்கமாட்டாள். தட்டில் துணி சுற்றி மூன்று கைத்துப்பாக்கிகள். சீட்டு இல்லை. சீட்டில்லாத துப்பாக்கி மாட்டுத் திருடன் கைக்குப் போகிற துப்பாக்கி என்பது அவள் எண்ணம், அதில் தப்பில்லை. தூலோவைக் கேட்டாள். எண்ணெய் போட வந்தது என்றான். யாருடையது, எப்போது வந்தது, ஏன் எழுதவில்லை என்றாள். எண்ணெய் போட வந்தது என்றே சொன்னான். அங்கேயே அவனைப் பணியிலிருந்து நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை விசாரணை. ஓய்வுக்கு அவனுக்குப் பத்தொன்பது மாதம் இருந்தது.

தூலோ நேராக என்னிடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. மாத்திரை கொடுத்து, படுக்கச் சொல்லி, பிறகு கேட்டேன். இரண்டு துப்பாக்கிகளை எனக்குத் தெரியும். ஒருவன் போக்குவரத்துப் பிரிவு, ஒருவன் மாட்டுத் திருட்டுத் தடுப்புப் பிரிவு. இருவரையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இங்கே எழுதமாட்டேன். மூன்றாவது யாருடையது?

"அத மட்டும் கேக்காதீங்க."

"கேக்காம மாத்திரை எப்படிக் குடுக்கிறது? எத்தன நாளா இருக்கு அது?"

"மார்ச்ல இருந்து."

ஏழு மாதம். எட்டு வருடத்தில் எந்தத் துப்பாக்கியும் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே இருந்ததில்லை. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒண்ணு வந்தா ஐயாகிட்ட சொல்லணும். அதான் ஏற்பாடு. ஐயாவே கொண்டுவந்து வச்சா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மலைப்பகுதிக்குப் போகிற அதிகாரிகள் எல்லோருக்கும் கைத்துப்பாக்கி உண்டு, போதகருக்கும் உண்டு. அதை நான் யோசித்ததே இல்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவரு போதகரு, நர்ஸம்மா. போதகருக்கு மனசு சரியில்லன்னு எந்த வாயால சொல்லுவேன்? அவரு வந்து வச்சாரு, எண்ணெய்னு சொன்னாரு, போயிட்டாரு. தினமும் அந்தத் துணிய எடுத்துப் பாத்துட்டு மறுபடி சுத்தி வச்சேன். வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு?"

"கழுத" என்று திட்டினேன். அவனைத் திட்டியது சரியில்லை. எட்டு வருடம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடத்திய ஏற்பாட்டில், எல்லாரும் போதகரிடம் போக வழி இருந்தது. போதகர் போக ஒரு வழி இல்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மரியாதை என்றால் எங்கள் ஊரில் பெரியவரை ஒன்றும் கேட்காமல் இருப்பது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தினமும் கணப்பை அவர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெட்ரோல் மனுவைப் பற்றிப் பேசினோம்.

புதன்கிழமை காலையில் மாபசேக்கா அவர் அறைக்கு வந்தாள். பலகைத் தடுப்பு, ஒட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்து அவருடையதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள், தலைமையகத்துப் பதிவில் இருந்ததால். மற்ற இரண்டும் மாவட்டப் பதிவேடுகளில் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். அவள் உட்காரவில்லை என்று நினைக்கிறேன், நாற்காலி சத்தம் கேட்கவில்லை.

"ஐயா, விசை இறுகிப்போச்சு, ரிப்பேருக்குக் குடுத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் எடுத்துக்கறேன். உங்க பேரு இதுல அடிபட வேண்டாம்."

"மத்த ரெண்டு?"

"அது அவங்க பாடு. சீட்டு எழுதாம வாங்கினது தூலோ பாடு."

பிறகு அவர் வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். அவள் மரியாதையாகத்தான் வந்தாள், மரியாதையாகத்தான் போனாள். அவர் தலைகுனியாமல் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு வரி எழுதினால் போதும்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது: சுற்றிவளைக்காதே, கேள், கேட்டால் எண்ணம் புதிதாக முளைக்காது. இருநூறு பேரிடம் கேட்டிருப்பேன். அவரிடம் கேட்க நாக்கு எழவில்லை. அவர் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்.

"சாகணும்ங்கிற எண்ணம் இப்போ இருக்கா?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"இப்போ இல்ல. போன மாசம் ரெண்டு நாள் இருந்துச்சு. மார்ச்ல தினமும்."

"நான் பக்கத்து ரூம்ல இருந்தேன்."

"ஆமா. நீங்க இருமறதுகூடக் கேக்கும்."

மார்ச்சில், செங்கு ஆற்றுக்கு மேலே ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறார். குதிரை சறுக்கி ஒரு கான்ஸ்டபிள் இறந்துபோயிருந்தான், இருபத்துநாலு வயது. வண்டி போகாத இடம், நாலு மணி நேரம் நடந்திருக்கிறார். மாடு கன்றைக் கேட்டு, மாமனைக் கூப்பிட்டு, எல்லாம் முறைப்படி. அந்தத் தாய் வெளியே வந்து, இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்களே என்று நன்றி சொல்லி, புளித்த கஞ்சி கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

"பாதி வழியில அந்தப் பையனுக்காக ஜெபம் பண்ணலாம்னு நின்னேன். பேரு வரல. காலையில இருந்து பத்துத் தடவ சொன்ன பேரு. அவங்கம்மா முகம் கூட வரல. கஞ்சி மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, நான் போய்ச் சொன்ன ஒருத்தர் பேரும் வரல. எனக்குள்ள யாருமே இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சமையலறை மேசையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கதவு வழியாக உள்ளே வந்து மாவுப் பையைக் கொத்தியிருக்கிறது.

"அத விரட்ட எழுந்தேன். திரும்பி வந்தா அந்த நாற்காலியில உக்காரப் பயமா இருந்துச்சு. நின்னுக்கிட்டே பொழுத ஓட்டினேன். திங்கக்கெழம காலையில தூலோகிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன்."

"மாகராபோகிட்ட சொன்னீங்களா?"

"ஆகஸ்ட்ல வர முடியுமான்னு கேட்டேன். லீவு இல்லன்னுட்டா. ஏன் கேக்கறேன்னு அவ கேக்கல, நானும் சொல்லல."

வெள்ளிக்கிழமை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த அறை இருக்கும், வேலை இருக்கும். வேலையும் போனால் அந்த வீட்டில் அந்த நாற்காலியோடு அவர் தனியாக இருக்க வேண்டும். நர்ஸாக அதுதான் என் கவலை. அதை அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அன்று மாலையும் மறுநாள் மாலையும் என் வீட்டில் சாப்பிட வைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். விருந்தாளியாகப் போவதற்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் ரேடியோவில் கால்பந்து போட்டுவிட்டார். மூவரும் அதைக் கேட்டோம். பத்து மணிக்குப் போய்விட்டார்.

விசாரணை அறையில் ஏழு பேர். மேசைமேல் மூன்று துப்பாக்கிகளும் துணி பிரித்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மருத்துவ அறைப் பொறுப்பாளர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தூலோ சுவரோரம் விறைப்பாக நின்றான். மாவட்டப் பதிவேடுகள் இரண்டும் ஒட்டிய உறைகளில் மாபசேக்காவின் கைக்கடியில் இருந்தன. இன்னும் பிரிக்கவில்லை. அவள் முதலில் போதகரைக் கேட்டாள். அவர் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை.

முதல் துப்பாக்கி தன்னுடையது, அதில் பழுது ஒன்றும் இல்லை என்றார். எட்டு வருடத்துக்கு முன் தூலோவுக்குச் சீட்டு எழுதாதே என்று ஆணை போட்டதும் தானே என்றார். எதற்கு என்று ஒரு மாவட்டக் காவல் தலைவர் கேட்டார்.

"கையில இருந்தா தன்னையே சுட்டுக்குவோம்னு பயப்படறவங்க கொண்டுவந்து வைக்கிறதுக்கு."

"ஐயா, போதும்" என்றார் அந்த மாவட்டத் தலைவர், மெதுவாக. அவர் போதகரைக் காப்பாற்றுவதாக நினைத்தார். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

"நானும் அதுக்குத்தான் கொண்டுவந்து வச்சேன்" என்றார் போதகர்.

மாபசேக்காவின் பேனா நின்றது. அவர் தொடர்ந்து பேசினார், பிரசங்கம் பண்ணும் குரலில் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். தன்னிடம் வந்தவர்களுக்கு ஒரு தட்டு இருந்தது, அதனால் தனக்கும் இருந்தது. தூலோ அன்று சீட்டும் காரணமும் கேட்டிருந்தால் தான் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பேன், வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது என்றார்.

"மத்த ரெண்டு பேருக்கும் அதே காரணமா?" என்று கேட்டாள்.

"அத அவங்ககிட்ட கேக்காதீங்க அம்மா. ஒருத்தன் பேரு வேணும்னுதானே வந்தீங்க. எழுதிக்கங்க, மொலெட்சானே. அந்த உறையப் பிரிச்சீங்கன்னா நாளையில இருந்து அந்தத் தட்டு காலியா இருக்கும். அதுல வரவேண்டியதெல்லாம் வீட்டு மேசைமேல இருக்கும்."

அவள் உறைகளைத் தன் பைக்குள் வைத்தாள். எங்களை வெளியே போகச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து அரைப் பக்க ஆணை வந்தது. நல்ல ஆணை. மருத்துவ அறையின் கையெழுத்தோடு, காரணம் எழுதாமல், முப்பது நாள்வரை எந்த அதிகாரியும் ஆயுதத்தைக் கிடங்கில் ஒப்படைக்கலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். தூலோவுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம், ஓய்வூதியத்துக்குப் பங்கமில்லை. அந்த இரண்டு பெயர்களும் எங்கும் வரவில்லை. கடைசிப் பத்தியில், தன் வாயாலேயே தகுதியில்லை என்று சொல்லிவிட்ட அதிகாரி மற்றவர்களுடைய மனநலத்துக்குப் பொறுப்பாக இருக்க விதி இடம் தரவில்லை என்பதால், தலைமைப் போதகர் பதவியிலிருந்து விலக்கப்பட்டு மருத்துவ விடுப்பில் அனுப்பப்படுகிறார் என்று இருந்தது. மாபசேக்கா அந்தக் காகிதத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். விதியை நான் எழுதவில்லை என்றாள். விதி சரிதான், என்னை வைத்திருந்தால் நானே ஆட்சேபித்திருப்பேன் என்றார் அவர்.

பிறகு வந்த நாட்கள் மோசம். அவர் எதற்காகச் சொன்னாரோ அந்த ஆட்களே தாழ்வாரத்தில் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பினார்கள். அவரோடு நின்று பேசினால் நீயும் எண்ணெய்க்காரனா என்று மற்றவன் நினைப்பானே. அது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. புரிவதால் தாழ்வாரம் நிரம்பாது. மருத்துவ விடுப்பில் இருப்பவர் வாரம் ஒருமுறை மருத்துவ அறையில் ஆஜராக வேண்டும் என்று ஆணையில் இருந்தது. முதல் வாரம் அவர் வரவில்லை. பக்கத்து அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிற சத்தம் கேட்டது. நான் தடுப்பைத் தட்டவில்லை. அழைத்து வந்து உட்கார வைத்தால் விருந்தாளி ஆகிவிடுவார். எனக்கு நோயாளி வேண்டும்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை வந்தார். சீருடை இல்லை, கழுத்துப் பட்டை இல்லை. பழுப்புக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களைப்போலச் சன்னலில் எண் அட்டையை வாங்கிக்கொண்டார். பதினாலாம் எண். பெஞ்சில் இருந்த கான்ஸ்டபிள்கள் எழுந்து விறைத்தார்கள். பிறகு அவர் தோளில் பட்டை இல்லாததைப் பார்த்துக் குழம்பிப்போய், பாதி பேர் உட்கார்ந்தார்கள், பாதி பேர் நின்றார்கள். "உக்காருங்கப்பா, எனக்கு முழங்கால் வலிக்குது" என்றார். ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். யாரும் அவரிடம் பேசவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பதினாலு என்று கூப்பிட்டேன். வந்தார். பெயர், வயது கேட்டு எழுதினேன், தெரியாத ஆளிடம் கேட்பதுபோல. ஐம்பத்தேழு. அழுத்தம் பார்த்தேன், பரவாயில்லை. எடை நாலு கிலோ குறைந்திருந்தது. தூக்கம் என்று கேட்டேன். அவர் அன்றைய தூக்கத்தைச் சொல்லத் தொடங்கி, அதிலிருந்து மார்ச் மாதத்துக்குப் போய், அங்கிருந்து கழுத்துப் பட்டை போடுவதற்கு முந்திய வருடங்களுக்குப் போனார். அவர் சொன்னது எதையும் இங்கே எழுதமாட்டேன். நடுவில் ஒருமுறை கதவு தட்டப்பட்டது. பதினைந்தாம் எண், பல்வலி. காத்திருக்கச் சொன்னேன்.